மறுபடியும் போடுங்க தம்பி

"தம்பி, எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து மறுபடியும் போடுங்க."

ஃபோனில் மருதையன். விதைநெல் வியாபாரி. இணையதளம் வேண்டும் என்று ஒரு வாரமாக அன்பரசனின் உயிரை வாங்குகிறவர்.

பட்டு வேட்டியோடு லேப்டாப் முன் உட்கார்ந்திருந்த அன்பரசன் பல்லைக் கடித்தான். ஐந்து மணிக்குக் குடவாசலில் பெண் பார்க்க வேண்டும். தஞ்சாவூரை விட்டே இன்னும் கிளம்பவில்லை. இது ஏழாவது வரன். முந்தைய ஆறும், 'வீட்டுல உக்காந்து என்னமோ தட்டுறாராம்' என்று தட்டிப்போனவை.

"ஐயா, சைட்டு நல்லாத்தானே ஓடுது? அத ஏன் அழிக்கணும்?"

"நாத்து செழிச்சு நிக்குதுன்னு பறிக்காம விட்டுடுவோமா? அழிங்க."

அழித்தான். தளம் ஓடும் சர்வர் கணினியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரே கோப்பில் எழுதிவைத்திருந்தான். ஒரு கட்டளை தட்டினால் போதும். அதைப் படித்து எல்லாவற்றையும் மென்பொருளே நிறுவிவிடும். நாலே நிமிடம்.

"வந்துடுச்சுங்க. வைக்கட்டுமா?"

"இருங்க. இப்ப அழிக்காம, அதே கட்டளைய இன்னொரு தடவ தட்டுங்க."

"எதுக்குங்க?"

"விதைச்ச வயல்லயே திரும்ப விதைச்சா பயிரு மண்டிப் போவும். உங்களுது எப்படின்னு பாக்கணும்ல?"

தட்டினான். "ஒண்ணும் ஆவாதுங்க. எல்லாம் சரியா இருந்தா, பாத்துட்டு சும்மா இருந்துடும்."

மறுமுனையில் ஏதோ கிசுகிசுப்பு. பிறகு மருதையன் அடுத்ததைக் கேட்டார்.

"அந்தக் கோப்புல பாஸ்வேர்டையும் அப்படியே எழுதி வச்சிருக்கீங்களா?"

நெல் விற்கிறவருக்கு ஏன் இந்தக் கவலை? "இல்லீங்க. அது தனியா, பூட்டுப் போட்டு இருக்கு."

வாசலிலிருந்து அம்மா தர்மாம்பாள் கத்தினாள்: "டேய், கார் வந்து அரை மணி ஆவுது! பொண்ணு வேணுமா, அந்தப் பொட்டி வேணுமா, ஒரு முடிவுக்கு வா!"

"ஐயா, உங்க கால்ல வேணா விழுறேன். பொண்ணு பாக்கக் கிளம்பிட்டிருக்கேன். இந்த வரனும் போச்சுன்னா உங்க நெல்லு மூட்டைக்குத்தான் நான் தாலி கட்டணும்."

"கோச்சுக்காதீங்க. கடைசியா ஒண்ணே ஒண்ணு. நீங்க பாட்டுக்குப் பாதில விட்டுட்டுப் போயிட்டா, வேற ஆளு இத எடுத்து ஓட்ட முடியுமா?"

எழுந்த கோபத்தை அன்பரசன் எச்சிலோடு சேர்த்து விழுங்கினான். "ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு எழுதி வச்சிருக்கேங்க. புதுசா வர்றவங்க ஒரு மணி நேரத்துல புரிஞ்சுக்கலாம். யாரும் திண்டாடக் கூடாதுல்ல?"

மறுமுனையில் ஃபோன் கை மாறியது. சிரிப்பை அடக்கிய ஒரு பெண் குரல்:

"குடவாசல்லேருந்து சுடர்விழி பேசறேன். பெங்களூருல இதே வேலைதான் பாக்கறேன். குரல் மட்டும்தான் எங்க தாய்மாமாவோடது, கேள்வியெல்லாம் என்னோடது. மாப்பிள்ளைய நான் பாத்தாச்சு. பொண்ணு பாக்க நீங்க மெதுவாவே வாங்க."