நாலாவது மாடி

"கீழ்வீடு கிடைக்கிறது குதிரைக்கொம்பும்மா. உங்க முழங்கால் வலிக்காகவே ஒதுக்கி வச்சிருக்கேன்" என்றார் குடியிருப்பு வாரிய அதிகாரி.

"நாலாவது மாடியே குடுங்க சார்" என்றாள் இஸ்திரிக்காரி.

"அது உச்சி மாடி, லிஃப்ட் கிடையாது. மாடின்னா கடன் தவணை குறையும்னு நினைக்காதீங்க, எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"இருக்கட்டும் சார்."

அதிகாரிக்கு மண்டை குடைந்தது. காற்றுக்காகவா? வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கவா? கேட்டால் சிரித்து மழுப்பினாள்.

மறுநாள், அவள் இப்போது குடியிருக்கும் இடத்தைச் சரிபார்க்க நேரிலேயே போனார். அவள் கொடுத்த டீயை வாயருகே கொண்டுபோனதும் தலைக்கு மேல் இடி இடித்தது. அவர் துள்ளி எழுந்ததில் டீ சட்டையெல்லாம் கொட்டியது. பாயில் தூங்கிய அவள் மகளோ அசையக்கூட இல்லை.

"லாரிதான் சார், பயப்படாதீங்க" என்று துண்டை நீட்டினாள். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்தப் பாலத்துக்கு அடியிலதான் குடித்தனம். ஊரே எங்க தலைமேல ஏறித்தான் போகுது."

அதிகாரி சட்டையைத் துடைத்தபடி அண்ணாந்து பார்த்தார்.

"சொந்த வீட்டுலயாவது எனக்கு மேல காக்கா மட்டும் நடக்கட்டும் சார்."