பதினான்காம் எண் வீடு

நாங்கள் குடிவந்த அன்றே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானசிகாமணி ஒரு நீலக் குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "பால் கவரைக் கழுவிக் காயவெச்சுதான் இதுல போடணும். தப்புப் பண்ணினா வீட்டு நம்பர் போர்டுல வந்துரும். அந்தப் பதினாலாம் நம்பர்காரங்க மாதிரி இருந்துராதீங்க." தினமும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். அதில் பதினான்கு மட்டும்தான் இருந்தது. அவ்வளவு துணிச்சலான ஆட்கள் யாரென்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. பத்து நாளாகியும் ஒருவரும் கண்ணில் படவில்லை. ஒரு காலையில் அந்த வீட்டு வாசலுக்கே போனேன். பூட்டு துருவேறிக் கிடந்தது, கேட்டின் கம்பிகளில் கொடி சுற்றியிருந்தது. வெளியே நீலத் தொட்டி நிரம்பியிருந்தது. மூடியைத் தூக்கினேன். கழுவாத பால் கவர்கள், எண்ணெய்ப் பிசுக்கோடு பார்சல் டப்பாக்கள். எல்லாவற்றுக்கும் மேலே மீன்குழம்பு சிந்திய ஒரு கூரியர் பெட்டி. அதில் ஞானசிகாமணியின் பெயர். பிறகு வீட்டுக்குப் போய், மூன்று நாளாகக் கழுவச் சோம்பி வைத்திருந்த தயிர் டப்பாவை எடுத்துவந்து அதற்குள் போட்டேன். நிமிர்ந்தபோது எதிர்வீட்டுப் பால்கனியில் நின்ற பெண், நாங்கள் வந்ததிலிருந்து முதல்முறையாக, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சாயங்காலம் காபிக்கு வாங்களேன்" என்றாள்.