இல்லாத பெயர்

எங்கள் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் கம்பெனியின் மெயில் சர்வருக்கு அன்று ஒரு புது வேலை கற்றுக்கொடுத்தேன். யாருக்காவது மெயில் வந்தால், அந்தப் பெயரை அது ஊழியர் டேட்டாபேஸில் தேடும். இருந்தால் வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடும். சோதிக்க ஒவ்வொரு பெயராக அடித்தேன்; போர்வெல் போட ராஜஸ்தான் போயிருக்கும் டிரைவர்வரை இருநூற்றுப் பன்னிரண்டு பேரும், பிறந்த தேதி, பெற்றோர் பெயரோடு சரியாக வந்தார்கள்.

"மதுமதிக்கா, இல்லாத பேரு ஒண்ணு போட்டுப் பாருங்க. இல்லைன்னு வந்துட்டா டீ குடிக்கப் போலாங்க," என்றான் பக்கத்து சீட் கவின்.

எனக்கு எட்டாம் மாதம். பெண்ணாகப் பிறந்தால் வைக்க நினைத்திருந்த பெயரை அடித்தேன். இளவெயினி. என் வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

ஒரு வரி வந்தது.

பிறந்த தேதி, அடுத்த மாதம் பத்தொன்பது. டாக்டர் எனக்குக் குறித்துக் கொடுத்த அதே தேதி. தகப்பனார் இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. மவுஸால் அந்த வரியை இன்னும் வலப்பக்கம் நகர்த்தினேன்.

"இல்லைன்னுதானுங்க வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே கவின் எழுந்தான்.

தாயார் பெயருக்கு எதிரே, 'லேட் மதுமதி' என்று இருந்தது.