வெளிச் சரக்கு

"யாரைக் கேட்டு இதைப் போட்டே?"

மேனேஜர் பாக்கியராஜ் போட்ட சத்தத்தில், திண்டுக்கல் நாகல் நகர் ஆபீஸில் பன்னிரண்டு கீபோர்டும் ஒரே நேரத்தில் நின்றன.

ஐரின் எழுந்து நின்றாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற ஆபீஸ் அது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

"சார், சபிஹாவோட பிரெயில் பலகை போன மாசம் உடைஞ்சு போச்சுல்ல? புதுசு வாங்கிட்டு வந்தா. அதை நம்ம மிஷின் கண்டுக்கவே மாட்டேங்குது. கர்னல் பழசு சார்."

"கர்னல்னா?"

"கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன் மாதிரி சார். மவுஸோ பிரிண்டரோ, எது வந்தாலும் அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் உள்ள வரணும். நம்ம வாட்ச்மேனுக்குப் புது ஆளுகளை அடையாளம் தெரியல. அதான் புது கர்னல் போட்டேன்."

"எங்கேருந்து எடுத்தே?"

"கம்பெனி ரெப்போல, அதாவது நம்ம சாப்ட்வேர் கிடங்குல, இன்னும் வரல சார். வெளியில ஒரு ரெப்போ இருக்கு. எல்லாரும் நம்பி எடுக்கிறதுதான்..."

"அப்ப வெளிச் சரக்கு!"

"நல்லா ஓடுது சார். காலையிலேருந்து ஒன்பது ஃபைல் முடிச்சுட்டா."

"பெர்மிட் இல்லாத மினிபஸ்கூடத்தான் நல்லா ஓடுது. கூட்டமும் ஏறுது. அதுக்காக?" விதிமுறைப் புத்தகத்தை விரித்தார். "பிரிவு பதினாலு. ஊழியர் மிஷின்ல கம்பெனி குடுக்காத எதையும் போடக் கூடாது. இப்பவே பழசைக் கொண்டு வா."

அவர் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி பிரிஸ்கில்லா ஆசையாகக் கொண்டுவந்த கேக்கையே, "வெளி உணவுக்கு அனுமதி இல்லை" என்று வாசலில் நிறுத்தினவர். அந்தம்மா கேக்கோடு ஆட்டோ ஏறிப் போனதை இன்னும் ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

சபிஹாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. காதில் கேட்டு டைப் அடிப்பாள். அடித்ததை, பலகையில் எழும்புகிற புள்ளிகளை விரலால் தடவிச் சரிபார்ப்பாள். ஆபீஸிலேயே பிழை குறைவு அவள் வேலையில்தான். பலகை உடைந்த நாளிலிருந்து பாதி வேலைகூட ஓடவில்லை. இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போடச் சொல்லித் தலைமை ஆபீஸ் கறாராக எழுதிவிட்டது.

"பரவால்லக்கா, பழசையே போட்டுருங்க" என்றாள் சபிஹா. "எனக்காக உங்க பொழப்பைக் கெடுத்துக்காதீங்க."

ஐரின் மிஷினை ரீஸ்டார்ட் செய்து பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தாள். சபிஹா பலகையில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட எழும்பவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் டைப் அடிக்கிற ரஃபீக் கண்ணாடி வழியாக மேனேஜர் ரூமை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"சாப்பாட்டு டப்பாவைத் தொறக்கவே இல்ல. அந்தப் புத்தகத்தை மொத அட்டையிலேருந்து கடைசி அட்டை வரைக்கும் படிச்சுக்கிட்டு இருக்காரு. அடுத்து யாரு தலை உருளப் போகுதோ!"

மூன்று மணிக்குத் தலைமை ஆபீஸிலிருந்து எல்லாருக்கும் ஒரு மெயில். ரஃபீக்தான் சத்தமாகப் படித்தான்.

"'திண்டுக்கல் மேனேஜர் பாக்கியராஜ் அவர்களின் விண்ணப்பத்தை ஏற்று, அவருடைய மிஷினில் மட்டும் வெளி ரெப்போவிலிருந்து புதிய கர்னல் போட்டுக்கொள்ள அனுமதி வழங்கப்படுகிறது.'"

எல்லாத் தலையும் மேனேஜர் ரூம் பக்கம் திரும்பின.

"அடப்பாவி மனுசா!" என்றான் ரஃபீக். "நம்ம போட்டா வெளிச் சரக்கு, அவரு போட்டா அனுமதியா? இம்புட்டு நாளும் நம்மளை ஏச்சிருக்காருய்யா!"

இன்டர்காம் அடித்தது.

"ஐரின், உள்ள வாம்மா. என் மிஷினுக்கு அந்தப் புது கர்னலைப் போடணும்."

ஐரின் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"உங்களுக்கு எதுக்கு சார் அது? மெயிலையே பிரிண்ட் எடுத்துத்தான படிக்கிறீங்க? அங்க ஒருத்தி வேலை போகப் போகுதுன்னு உக்காந்திருக்கா."

கேட்டே விட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது.

அவர் நிமிரவில்லை. ஒரு ரெஜிஸ்டரில் என்னவோ எழுதி, ரப்பர் ஸ்டாம்பை ஊதி ஊதிக் குத்திக்கொண்டிருந்தார்.

"பிரிவு பதினாலு, உட்பிரிவு மூணு. மேனேஜர் மிஷினுக்கு மட்டும் விதிவிலக்கு கேக்கலாம். கேட்டேன், குடுத்துட்டாங்க. பேசாமப் போய்ப் போடு."

ஐரின் பல்லைக் கடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய், அவர் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தாள்.

"ஏம்மா, அங்க எதுக்குப் போறே?"

"உங்க மிஷினுக்குத்தான சார் போடச் சொன்னீங்க?"

"இந்த மிஷின் மத்தியானத்துலேருந்து சபிஹா பேர்ல இருக்கு." மிஷின் ரெஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "அந்தப் பொண்ணு டேபிள்ல இருக்குதே, அதுதான் இப்ப என் மிஷின்."

ஐரின் ரெஜிஸ்டரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அப்ப... ரெண்டு மிஷினையும் இடம் மாத்தி வைக்கணுமா சார்?"

"வைக்கத்தான் வேணும். ஆனா அதுக்குன்னு இருக்கிற ஃபாரம் எழுதாம மிஷினை நகத்தக் கூடாது" என்றபடி சாப்பாட்டு டப்பாவை இழுத்துத் திறந்தார் பாக்கியராஜ். "அந்த ஃபாரம் நம்ம ஆபீஸ்ல தீர்ந்துபோய் ரெண்டு வருசம் ஆச்சு."