முப்பத்தோராவது நகர்வு

தன் ஆட்டம் தனக்கே சரியாக நினைவிருக்கிறதா என்று செண்பகவல்லிக்குச் சந்தேகமாக இருந்தது. தூத்துக்குடி சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டத்தை ஐந்தரை மணி நேரம் போராடி வென்றிருந்தாள். ஆனால் இப்போதெல்லாம் வென்றால் மட்டும் போதாது. ஒவ்வொரு நகர்வையும் ஏன் ஆடினோம் என்று சொல்ல வேண்டும். சொல்லும் காரணம் ஆடும்போது மனதில் இருந்ததல்ல என்றால் மேசை விளக்கு சிவந்துவிடும். மாநில அணி இடம் எதிராளிக்குப் போய்விடும்.

முப்பது நகர்வுகளுக்கும் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"முப்பத்தொண்ணு. குதிரைய ஏம்மா வெட்டக் கொடுத்தீங்க?" என்றார் நடுவர்.

அரங்கமே கைதட்டிய நகர்வு அது. அழகான காரணங்கள் நான்கைந்து நாக்கு நுனிவரை வந்தன. எல்லாமே ஆட்டம் முடிந்த பிறகு தோன்றியவை.

"சொல்லுங்கக்கா, நானும் தெரிஞ்சுக்கிடுதேன்," என்றார் தோற்றுப்போன இருதயராஜ்.

"யானையத்தான் எடுக்கப் போனேன். கை தவறிக் குதிரையப் பிடிச்சிட்டேன். தொட்டா ஆடணும்லா? மத்த கட்டமெல்லாம் இதவிட மோசம்."

விளக்கு பச்சையாகவே நின்றது.

"அட போங்கக்கா! இதுக்கா நான் முக்கா மணி நேரம் மண்டைய ஒடச்சேன்? ஒங்க மூஞ்சில ஒரு பயமும் தெரியலயே!"

"உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டுல்லா இருந்தேன்!"

இருதயராஜ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

செண்பகவல்லி நான்கு ஆண்டுகள் மாநில அணியில் ஆடினாள். இருதயராஜ் மறு ஆண்டே அணிக்குள் வந்து அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். நடுவர் ஓய்வு பெற்று, யாரும் காரணம் கேட்காத கேரம் ஆட்டத்துக்கு மாறிவிட்டார்.