பூட்டிய நிரல்

திமிஷோவாரா நகரத்தின் பின்னல் கூடத்தில் மத்தியான வெயில் ஓடாத இயந்திரங்கள்மேல் படுத்துக் கிடக்கிறது. புதிதாக வாங்குங்கள் என்று, அவற்றை இயக்கும் நிரலை, குறித்த தேதிக்குப் பிறகு ஓடாதபடி, விற்ற நிறுவனமே பூட்டிவிட்டது. ஸ்மரண்டா மடிக்கணினிமேல் குனிந்திருக்கிறாள். அப்படிப்பட்ட நிரல் கோப்புகளைப் பிரித்துப் படித்து, மாற்றி, மறுபடி மூடித் தரும் மென்பொருள் தொகுப்பை எழுதி, எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் போட்டவள் அவள்தான். மேசைமேல் செல்பேசியில் நிறுவனத்தின் வக்கீல் கத்துகிறார். "அந்தத் தொகுப்பை இன்னைக்கே எடுத்துடுங்க. இல்லேன்னா கோர்ட்டுல பாத்துக்கலாம்!" பின்னல்காரி ஒதிலியா நூல்கண்டை மார்போடு அணைத்தபடி, "எடுத்துடுவியாடி?" என்கிறாள். "நீ நூலை மாட்டுடி." தேதி பார்க்கும் கட்டளையை மட்டும் ஸ்மரண்டா மாற்றிச் சேமிக்கிறாள். இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டுச் சடசடவென ஓடுகிறது. "என்ன சத்தம் அது?" என்கிறார் வக்கீல். ஸ்மரண்டா செல்பேசியை இயந்திரத்தின் பக்கத்திலேயே கொண்டுபோய்ப் பிடிக்கிறாள். "ஸ்வெட்டர் பின்னுறோம் சார். கோர்ட்டுல குளிருமே, உங்களுக்கும் ஒண்ணு அனுப்பட்டுமா?"