நன்றியுரை

அழைப்பிதழை மறுபடியும் பார்த்தாள். நன்றியுரைக்கு நேரேதான் அவள் பெயர் இருந்தது.

பத்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள்.

இந்த வருடம் உங்களைத் தூங்கவிடாத ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் தணிகாசலமே போனில் கூப்பிட்டுச் சொன்னார். எந்தப் புத்தகம் என்றும் கேட்டார். சொன்னாள்.

"நல்லதும்மா" என்று சட்டென்று வைத்துவிட்டார்.

இப்போது நன்றியுரை.

அழைப்பிதழை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

மேடைக்குப் பின்னால் பேனர். 'வாசிப்பில் இந்த ஆண்டு.' வாசகர் வட்டத்தின் வருடக் கடைசிக் கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து, படித்த கணக்கை ஒப்பித்தார்கள்.

ஒருவர் நூற்றுப் பதினெட்டு என்றார். கைதட்டல்.

இன்னொருவர், மகள் கல்யாணம் வந்துவிட்டதால் இந்த வருடம் கொஞ்சம் குறைவு என்றார். அதற்கும் கைதட்டல்.

அவள் ஒரே ஒரு நாவல்தான் படித்தாள். முடித்ததும் முதல் பக்கத்துக்குப் போனாள். மறுபடி முடித்தாள். மறுபடி முதல் பக்கம்.

மாசியில் தங்கை பூரணி செத்துப்போனாள். அதற்குப் பிறகு வேறு எந்த எழுத்தும் கண்ணில் நிற்கவில்லை.

மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள் புகுந்த வீட்டில். வழுக்கி விழுந்தவள் கழுத்தில் விரல் தடம் எப்படி வரும்? கேட்டாள். தொண்டை கட்டும் வரை கேட்டாள். பட்டப்பகல், தெருவில் யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டார்கள்.

பூரணி வீட்டுக்கும் தணிகாசலம் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

"எங்களுக்கு ஒண்ணும் கேக்கல" என்று போலீஸிடம் முதலில் சொன்னவர் அவர்தான்.

பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை என்று இதே வட்டத்தில் எத்தனை முறை புலம்பியிருக்கிறார்! மிக்ஸி கேட்குமாம். மனுஷி கத்தினால் கேட்காதாம்.

அந்த நாவலையும் அவர் படித்திருக்கிறார். தை மாதம் இதே மேடையில், "என்னா துணிச்சல், என்னா துணிச்சல்" என்று உருகியவர். அவர் சொல்லித்தான் அவளே வாங்கினாள். தை மாதம் பூரணி உயிரோடு இருந்தாள்.

அடுத்து வரும் ஆண்டுக்கான திட்டம். தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மாதம் ஒரு புத்தகம், மாதம் ஒரு பேச்சாளர். தை தொடங்கி மார்கழி வரை ஆண்களின் பெயர்கள் வந்து போயின.

"நன்றியுரை மட்டும் வருஷம் பூராவும் நம்ம மேடம்தான். அவங்க சொன்னாத்தான் ஒரு நிறைவு."

சிரித்தார்கள்.

நிறைவாம், நிறைவு! வாயை அடைப்பதை எவ்வளவு மரியாதையாகச் செய்கிறார்கள்.

கூடத்தின் பின்பக்கம் நெய் வாசம். வருடக் கடைசிக் கூட்டத்துக்குக் கேசரியும் வடையும் தணிகாசலம் வீட்டிலிருந்துதான் வரும். அவர் மனைவி வடிவு காலையிலிருந்து அடுப்பில் நின்ற களைப்போடு தட்டுகளில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"இப்ப மேடம் நன்றி சொல்வாங்க. கேசரி ஆறுறதுக்குள்ள சுருக்கமா முடிச்சிருங்க மேடம்" என்றார் தணிகாசலம் மைக்கில்.

எழுந்தாள். அவளுக்கு முன்பே பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. நாற்காலிகள் இழுபட்டன. நன்றியுரையை எவன் உட்கார்ந்து கேட்பான்?

மைக்கைப் பிடித்தாள்.

"உட்காருங்க."

யாரோ சிரித்தார்கள்.

"உட்காருங்கன்னு சொல்றேன்ல!"

உட்கார்ந்தார்கள்.

நாவலின் பெயரைச் சொன்னாள். தங்கையைப் பறிகொடுத்த ஒரு அக்காவின் கதை என்றாள். அந்த அக்கா தெருவில் இறங்குகிறாள். வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறாள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். கதவைச் சாத்துகிறார்கள். அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.

வட்டத்தின் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் என்ன படிக்கப் போறோம்னு வாசிச்சீங்க. நான் எதுவும் படிக்கிறதா இல்ல. படிச்சது போதும். அந்த அக்கா செஞ்சதத்தான் நானும் செய்யப் போறேன். வீடு வீடா வருவேன். இங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்."

தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"சார், அன்னைக்கு மத்தியானம் எங்க பூரணி கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலியா?"



"இலக்கியக் கூட்டத்துல போய் இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் தலைவர்.

"நேரமாச்சு" என்றார் தணிகாசலம். குனிந்து மைக்கின் வயரைப் பிடுங்கினார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வயரைச் சுருட்டினார். சுருட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை.

பின்னால் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். வடிவு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.